ஆட்டிசத்தைக் கணினி கண்டுபிடிக்குமா? அரவேணுவில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பேருந்து குஞ்சப்பனையைத் தாண்டியதும் வெக்கை குறையும். பாக்குத் தோப்புகள் பின்தங்கி, தேயிலைச் சரிவுகள் தொடங்கும். கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற ஊர் அரவேணு. கேத்தரின் அருவிக்குப் போகிறவர்கள் திரும்புகிற இடம் என்ற அளவில்தான் வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். சுற்றிலும் படுகர் ஹட்டிகள், சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டங்கள், எஸ்டேட் லயன் வீடுகள், இறக்கத்தில் இருளர், குறும்பர் குடியிருப்புகள்.

இங்கே மூன்று வயதுப் பையன் ஒருவன் இன்னும் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை. வேண்டிய பொருள் மேலே இருந்தால் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் பக்கம் தள்ளுகிறான். பொம்மைக் காரை ஓட்டாமல் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். "அவங்கப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான், தானா வரும்" என்கிறார் பாட்டி. பால்வாடி டீச்சருக்குச் சந்தேகம் உண்டு. சொன்னால் சண்டைக்கு வருவார்களோ என்று தள்ளிப்போடுகிறார். "போனைக் கொடுத்து வளத்தா இப்படித்தான்" என்பது பக்கத்து வீட்டுத் தீர்ப்பு. காலையில் கொழுந்து பறிக்கப் போய் மாலையில் திரும்புகிற தாய் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். தாய் வேலைக்குப் போனதாலோ வளர்ப்பில் குறை வைத்ததாலோ ஆட்டிசம் வருவதில்லை என்று அவரிடம் சொல்ல அங்கே ஆளில்லை.

இப்படிப் போகிற ஒவ்வொரு மாதமும் இழப்புதான். மூளை வேகமாக வளரும் முதல் ஐந்து ஆண்டுகளில் தொடங்குகிற பயிற்சி தருகிற பலனைப் பிறகு தொடங்கும் பயிற்சி அதே அளவில் தருவதில்லை. இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் கணினியை அழைக்கிறார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு, கண்மணியின் அசைவு, மூளையின் மின்அலை, தோலின் ஈரம் ஆகியவற்றைக் கருவியால் அளந்து, மெஷின் லேர்னிங் எனப்படும் இயந்திரக் கற்றலிடம் கொடுத்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பை அது முன்கூட்டியே சொல்லிவிடும் என்கிறார்கள். உலகம் முழுக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுகளாகவும் ஆய்வுக் கட்டுரைகளாகவும் இது குவிகிறது. 98 சதவீதம், 99 சதவீதம், சில இடங்களில் 100 சதவீதத் துல்லியம் என்கிறார்கள்.

அரவேணுவுக்கு இதனால் என்ன பயன்?

ரத்தத்தில் தெரியாத விஷயம்

ஆட்டிசத்தை உறுதிசெய்ய இன்றுவரை ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. 1943-ல் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்து இன்றுவரை அடிப்படை முறை ஒன்றுதான். பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையோடு நேரம் செலவிட்டு, பெற்றோரிடம் பேசி, நடத்தையைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். கருவிகள் என்று இருப்பவை பெரும்பாலும் கேள்விப் பட்டியல்களும் மதிப்பெண் அட்டவணைகளுமே. 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் பட்டியலில் 20 கேள்விகள். இந்தியாவில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவுகோலில் 40 அம்சங்கள்; 70 மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை, 153-க்கு மேலே போனால் கடுமையானது. கார்ஸ் என்ற அளவுகோல் நம் குழந்தைகளுக்கு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்து 2010-ல் வெளியிட்டார்கள்.

எத்தனை குழந்தைகள்? இன்க்ளென் அமைப்பு 2018-ல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தியாவில் நாம் பிடித்துக்கொள்ளக்கூடிய நல்ல கணக்கு. பல்வல், காங்ரா, தேன்கனால், வடக்கு கோவா, ஹைதராபாத் என ஐந்து இடங்களில் வீடு வீடாகப் போனார்கள். இரண்டு முதல் ஆறு வயதுக்குட்பட்டவர்களில் சுமார் ஒரு சதவீதம் பேருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதினரில் சுமார் 1.4 சதவீதம் பேருக்கும் ஆட்டிசம். அந்த ஐந்தில் தமிழ்நாட்டு ஊர் எதுவும் இல்லை. அமெரிக்காவின் எண்ணிக்கை இன்னும் அதிகம்: எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் என்று 2025-ல் அறிவித்தார்கள். 2000-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 150-க்கு ஒருவர். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதிக்குக் காரணம், வரையறை விரிந்ததும் தேடும் கண்கள் கூடியதும்தான்.

கேள்விப் பட்டியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒரே மொழி வேண்டும். அரவேணுவைச் சுற்றி ஒரு நாள் நடந்தால் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரியும். ஹட்டியில் வீட்டுமொழி படுகு. இருளர், குறும்பர் வீடுகளில் அவரவர் மொழி. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்களின் தமிழுக்குத் தனி வாசனை. எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்து கொழுந்து பறிப்பவர்களும் இருக்கிறார்கள். 'உங்கள் குழந்தை சுவாரசியமான ஒன்றை உங்களுக்குக் காட்டுவதற்காக விரல் நீட்டுமா?' என்பதை அச்சுத் தமிழில் வாசித்தால், கேட்பதற்கும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பல தாய்மார்களைச் சென்றடையாது. 'ஆமா, கைய நீட்டுவான்' என்று பதில் வரும். அந்த ஒரு வரியில் குழந்தை தப்பிப் போய்விடும்.

இதயத்துடிப்புக்கு மொழி கிடையாது. உடலின் சமிக்ஞைகளைப் படிக்கும் ஆராய்ச்சி நம் மலைக்கு ஏன் முக்கியம் என்றால் முதல் காரணம் இதுதான். நாகரிகமான சாதனம் என்பதற்காக நான் இதை ஆதரிக்கவில்லை.

காது, கண், மூளை, இதயம்

பேச்சு வராத குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் முதலில் எழுதிக்கொடுப்பது 'பெரா டெஸ்ட்'. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவார்கள். அந்த ஒலி செவி நரம்பில் ஏறி மூளைத்தண்டைக் கடக்கும்போது பத்து மில்லிவிநாடிக்குள் வரிசையாக அலைகள் எழும். அலை வந்தால் காது கேட்கிறது. பரிசோதனையின் நோக்கம் அவ்வளவுதான்.

ஓரன் மிரோன் தலைமையிலான குழு 2020-ல் இதை வேறு கண்ணோடு பார்த்தது. அமெரிக்காவில் பிறந்தவுடன் எடுத்த 1,39,154 குழந்தைகளின் கேட்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 321 பேருக்குப் பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்திருந்தது. அந்த 321 பேரின் அலைகள், பிறந்த சில நாட்களிலேயே, மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தன. யாருக்கும் பேச்சே வராத வயதில், ஏற்கனவே எடுத்து மூடிவைத்த பதிவிலிருந்து ஒரு தடயம்! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த ஆய்வு இது. புதிதாக ஒரு கம்பியைக்கூட ஒட்டவில்லை. ஆனால் அந்தத் தாமதம் கூட்டத்தின் சராசரியில் தெரிவது. தனி ஒரு குழந்தையின் பதிவைப் பார்த்து 'இவனுக்கு வரும்' என்று சொல்ல அது போதாது.

கண்ணுக்கு வருவோம். அட்லாண்டாவின் மார்கஸ் ஆட்டிசம் மையத்தைச் சேர்ந்த ஆமி கிளின், வாரன் ஜோன்ஸ் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கேள்வியைத் துரத்துகிறார்கள்: குழந்தைகள் விளையாடும் காட்சியைத் திரையில் ஓடவிட்டால், ஒரு குழந்தையின் பார்வை எந்த நொடியில் எங்கே போகிறது? அகச்சிவப்பு ஒளியால் கண்மணியைத் தொடரும் கருவி விநாடிக்கு 120 முறை அதைக் குறித்துக்கொள்ளும். ஒரு குழந்தை இன்னொன்றின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினால், பெரும்பாலான பிள்ளைகள் பிடுங்கப்பட்ட குழந்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். சிலர் பின்னால் ஆடும் கதவைப் பார்ப்பார்கள். இந்தக் கருவிக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022-ல் அனுமதி கொடுத்தது. 2023-ல் ஆறு மருத்துவ மையங்களில் 475 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது, இல்லாதவர்களில் 80.7 சதவீதம் பேரை இல்லை என்றது. இருபது ஆண்டு உழைப்பு, அனுபவம் மிக்க மருத்துவர்கள், நல்ல பணம் எல்லாம் சேர்ந்து வந்து நின்ற இடம் 71. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வெளிச்சம் பட்டதும் கண்மணி எவ்வளவு சுருங்குகிறது என்று பத்து மாதக் குழந்தைகளிடம் அளந்தார்கள். மூன்று வயதில் ஆட்டிசம் உறுதியானவர்களுக்குச் சுருக்கம் கூடுதலாக இருந்திருக்கிறது. அதே ஆண்டு பாஸ்டனில் வில்லியம் போசல் குழுவினர் 188 கைக்குழந்தைகளின் மூளை மின்அலையை மூன்று மாத வயதிலிருந்தே பதிவுசெய்து, கணினியை வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். நல்ல முடிவு வந்தது. ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கனவே ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ கொண்டவர்கள். ஊரில் பொதுவாகப் பிறக்கும் பிள்ளைகளிடம் அதே பலன் வருமா என்பது வேறு கேள்வி.

இதயத்தின் கதையும் சுவாரசியம்தான். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது தணியும். இந்த ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால் நரம்பு மண்டலம் நெளிவுசுளிவோடு இருக்கிறது என்று பொருள். ஆட்டிசம் உள்ளவர்களிடம் சராசரியாக இது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பயந்த குழந்தைக்கும் குறையும், தூங்காத குழந்தைக்கும் குறையும், காய்ச்சல்காரக் குழந்தைக்கும் குறையும். முன்பின் தெரியாத ஆள் வந்து கையில் பட்டையைக் கட்டினால் எந்தக் குழந்தை அமைதியாக உட்காரும்? மலையில் இன்னொரு வம்பு உண்டு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழிக் காலையில் விரல் விறைத்துப்போனால் ரத்த நாளங்கள் சுருங்கி, விரல்நுனியில் ஒளி பாய்ச்சித் துடிப்பை எண்ணும் கருவிக்குச் சமிக்ஞையே சரியாகக் கிடைக்காது. தோலின் ஈரத்தை அளக்கும் கருவியும் குளிரில் வேறு எண்ணைக் காட்டும். சென்னையில் பழக்கிய கணினி, அரவேணுக் குழந்தையின் குளிரை ஆட்டிசம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உடலின் சமிக்ஞைகளை உருப்படியாகப் பயன்படுத்தக்கூடிய இடம், ஆட்டிசம் உறுதியான பிறகு வருகிறது என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மாத்யூ குட்வின் குழு 2019-ல் இருபது இளையோரின் மணிக்கட்டில் உணரிகளைக் கட்டி, கட்டுமீறிய கோபம் வெடிப்பதற்கு ஒரு நிமிடம் முன்பே அதைக் கணிக்க முயன்றது. ஒவ்வொருவரின் தரவையும் வைத்துத் தனித்தனியாகப் பழக்கிய கணினி, எல்லோருக்கும் பொதுவான கணினியைவிட நன்றாகக் கணித்தது. பேச்சில்லாத பிள்ளைக்கு உள்ளே கொந்தளிக்கிறது என்று தாய்க்கு ஒரு நிமிடம் முன்னால் தெரிந்தால் அது எத்தனை பெரிய உதவி!

டெல்லி வீடுகளுக்குள் போன டேப்லட்

நம் ஊர் நிலவரத்துக்கு மிக அருகில் வருவது 'ஸ்டார்ட்' என்ற செயலி. இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பீஷ்மதேவ் சக்ரவர்த்தி, எய்ம்ஸ், கோவாவில் தொடங்கிய சங்கத் அமைப்பு உள்ளிட்டோர் கூட்டாகச் செய்தது. மருத்துவர் வேண்டாம், சாதாரண சுகாதாரப் பணியாளர் ஒரு டேப்லட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். குழந்தை திரையில் குமிழி உடைக்கும், வண்ணம் தீட்டும், முகங்கள் வரும் காட்சியா மற்றதா என்று தேர்ந்தெடுக்கும். விரல் எவ்வளவு துல்லியமாகப் போகிறது, கண் எங்கே நிற்கிறது என்பதைச் செயலி குறித்துக்கொள்ளும். பெற்றோரிடமும் சில கேள்விகள்.

டெல்லிப் பகுதியில் வசதி குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, இரண்டு முதல் ஏழு வயதான 131 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 48 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள், 43 பேர் அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்கள், 40 பேர் வழக்கமான வளர்ச்சி உள்ளவர்கள். மூன்று கூட்டத்தையும் பிரிப்பதில் கிடைத்த துல்லியம் 78 சதவீதம். அறிவுத்திறன் குறைபாட்டையும் ஆட்டிசத்தையும் குழப்பிக்கொள்வதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிற தவறு. அந்தக் கடினமான கேள்வியை வேண்டுமென்றே ஆய்வுக்குள் வைத்தார்கள் பாருங்கள், அது நேர்மை. இப்போது இந்த முயற்சி இன்னும் விரிந்து, ஆப்பிரிக்காவின் மலாவி வரை போயிருக்கிறது.

அமெரிக்க நிறுவனமான காக்னோவாவின் செயலி எனக்கு இன்னொரு வகையில் பிடிக்கும். 2021-ல் அனுமதி பெற்றது. பெற்றோரின் பதில், வீட்டில் எடுத்த வீடியோ, மருத்துவரின் பதில் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும். 425 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் 31.8 சதவீதம் பேருக்கு மட்டுமே உண்டு அல்லது இல்லை என்றது. மற்றவர்களுக்கு 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒதுங்கிக்கொண்டது. வியாபாரத்துக்கு இது கெட்ட செய்தி. மருத்துவத்துக்கு நல்ல பழக்கம்.

நூற்றுக்கு நூறு வாங்கிய கருவிகள்

71, 78 என்று உலகின் தேர்ந்த குழுக்கள் நிற்கும்போது நம் கல்லூரிகளில் 99 எப்படி வருகிறது?

இணையத்தில் எல்லோரும் இறக்கிப் பயன்படுத்துகிற ஒரு தரவுத் தொகுப்பு இருக்கிறது. ஃபாதி தப்தா என்ற ஆய்வாளர் கைப்பேசிச் செயலி மூலம் திரட்டி, 2017-ல் பொதுவில் வைத்தது. பெரியவர்கள் 704, குழந்தைகள் 292 பதிவுகள். பத்துக் கேள்விகளுக்கான விடைகள், பக்கத்தில் 'ஆட்டிசம் உண்டு / இல்லை' என்ற முடிவு. அந்த முடிவை மருத்துவர் யாரும் சொல்லவில்லை. அதே பத்து விடைகளின் மதிப்பெண்ணைக் கூட்டி, எல்லையைத் தாண்டினால் உண்டு என்று போட்டது. கணினியிடம் பத்து விடைகளைக் கொடுத்து முடிவைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அது கூட்டல் கணக்கைக் கற்றுக்கொள்ளும். 100 சதவீதம் வராவிட்டால்தான் ஆச்சரியம். இந்தத் தொகுப்பை வைத்து எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. வழிகாட்டிப் பேராசிரியர்கள் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடுவதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

இணையதளங்களில் அங்கங்கே எடுத்த குழந்தைகளின் முகப்படத் தொகுப்பை வைத்து 'முகத்தைப் பார்த்தே ஆட்டிசம்' என்று சொல்லும் கட்டுரைகள் இன்னொரு வகை. யார் அந்தக் குழந்தைகள், யார் உறுதிசெய்தார்கள், பெற்றோர் சம்மதித்தார்களா என்பதற்கு அங்கே பதில் இல்லை.

பெரிய இடங்களும் இதில் வழுக்கும். தென் கொரியாவில் 958 பேரின் விழித்திரைப் படங்களை வைத்து 2023-ல் வந்த ஆய்வு, பிரித்தறியும் திறன் 1.00 என்றது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. கட்டுரையை நிதானமாகப் படித்தால் ஒரு விவரம் தட்டுப்படும்: ஆட்டிசம் உள்ளவர்களின் படங்கள் 2022 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இதற்காகவே எடுத்தவை, மற்றவர்களின் படங்கள் 2007 முதல் 2023 வரையிலான பழைய கோப்புகளிலிருந்து எடுத்தவை. விளக்கும் அறையும் ஆண்டும் வேறு என்றால், கணினி எதைக் கண்டுபிடித்தது என்று கேட்காமல் எப்படி இருப்பது?

அரவேணுக் கணக்கு

நல்ல கருவியையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டின் டாசன், கியர்மோ சபீரோ குழு செய்த செயலி. 17 முதல் 36 மாதக் குழந்தை டேப்லட்டில் சின்னப் படங்களைப் பார்க்கும். முகபாவம், பார்வை, தலையின் அசைவு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் வேகம், கண் சிமிட்டும் வீதம் எல்லாவற்றையும் கேமரா கவனிக்கும். 475 குழந்தைகள், நேச்சர் மெடிசின் இதழ், 2023. ஆட்டிசம் உள்ளவர்களில் 87.8 சதவீதம் பேரைப் பிடித்தது. வழக்கமான வளர்ச்சியுள்ளவர்களில் 80.8 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. அருமையான முடிவு.

இதை அப்படியே அரவேணு வட்டாரத்துக்குக் கொண்டுவந்து ஆயிரம் குழந்தைகளிடம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இன்க்ளென் சொன்ன ஒரு சதவீதத்தை எடுத்தால் பத்துக் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இருக்கும். செயலி ஒன்பது பேரைப் பிடிக்கும். மிச்சம் 990 பேரில் 19.2 சதவீதம் பேரைத் தவறாகச் சந்தேகிக்கும்: அது 190 பேர். ஆக 199 குடும்பங்களுக்கு 'உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசமாக இருக்கலாம்' என்று சொல்ல வேண்டும். அதில் 190 குடும்பங்கள் அழுதது வீண். விட்டுப்போன பத்தாவது குழந்தையின் தாயிடம் 'மிஷினே ஒன்றுமில்லை என்றுவிட்டது' என்று பாட்டி சொல்வார். அந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு வருடம் போகும்.

டியூக் ஆய்விலேயே, செயலி சந்தேகித்தவர்களில் 40.6 சதவீதம் பேருக்குத்தான் உண்மையில் ஆட்டிசம். அங்கே பத்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தபோதே இந்த நிலை. நூறில் ஒருவர் என்ற ஊருக்கு வரும்போது அது ஐந்து சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. கருவியில் பழுதில்லை, அரிதான ஒன்றைக் கூட்டத்தில் தேடும் எந்தக் கருவிக்கும் இதுதான் நடக்கும். கல்லூரிக் கட்டுரைகளில் பாதிக்குப் பாதி ஆட்டிசம் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வைத்துச் சோதிப்பதால் இது கண்ணில் படுவதேயில்லை.

அந்த 199 குழந்தைகளை யார் பார்ப்பது? ஊட்டிக்கோ, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோவைக்கோ போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு, குழந்தைக்கு வாந்தி. முதல் நாள் டோக்கன், இரண்டாம் முறை பெரா, மூன்றாம் முறை உளவியலாளர். நான்காவது முறை கூப்பிட்டால் எத்தனை பேர் வருவார்கள்? உண்மையில் தேவைப்படுகிற ஒன்பது பேரும் அந்த வரிசையில் தொலைந்துபோவார்கள்.

வழி இருக்கிறது. டியூக் குழுவே செயலியோடு பெற்றோர் கேள்விப் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தபோது 40.6 என்பது 63.4 ஆனது. நம் ஊரில் அந்த முதல் சல்லடை ஏற்கனவே இருக்கிறது: அங்கன்வாடி. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கு வர வேண்டும்; அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைகளில் வளர்ச்சித் தாமதமும் உண்டு. தினமும் நாற்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு கொடுத்து, பாட்டுச் சொல்லித்தருகிற டீச்சருக்கு எது கூட்டத்தில் ஒட்டாத குழந்தை என்று தெரியாதா? அவர் அந்த ஆயிரம் பேரில் ஐம்பது பேரைக் காட்டுகிறார், அதில் ஆட்டிசம் உள்ள எட்டுப் பேர் அடக்கம் என்று கொள்வோம். அந்த ஐம்பது பேரிடம் மட்டும் டேப்லட்டைக் காட்டினால் ஏழு பேரைச் சரியாகவும் எட்டுப் பேரைத் தவறாகவும் காட்டும். மொத்தம் பதினைந்து பேர். பதினைந்து குழந்தைகளைப் பார்க்க ஒரு நிபுணர் மாதத்தில் ஒரு நாள் கோத்தகிரிக்கு ஏறி வந்தால் போதும். பதினைந்து குடும்பங்கள் மலையிறங்க வேண்டியதில்லை.

கண்டுபிடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கும் நம்மிடம் விடை உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களைச் சேர்ந்த பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி வழியாகத் தூரத்து தெரபிஸ்ட்டுகளோடு இணைத்து, வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016-ல் லான்செட் சைக்கியாட்ரியில் வந்த 'பாஸ்' ஆய்வு, நிபுணரல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தாலே தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பரிமாற்றம் மேம்படுகிறது என்று காட்டியது. பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படங்களைத் தொட்டுப் பேசவைக்கும் 'ஆவாஸ்' சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. கோத்தகிரியில் ஒரு படுகப் பெண்ணுக்கோ இருளப் பெண்ணுக்கோ இந்தப் பயிற்சியைக் கொடுத்து வேலைக்கு வைப்பதற்கு விழித்திரைக் கேமராவைவிடக் குறைந்த செலவுதான் ஆகும்.

கருவி செய்யும் கல்லூரிகளிடம் கேட்க ஒன்று உண்டு. இணையத் தொகுப்பை இறக்குவதை நிறுத்திவிட்டு, ஒரு அரசு மருத்துவமனையோடு கைகோத்து, பெற்றோர் சம்மதத்தோடு நூறு குழந்தைகளை நேரில் பாருங்கள். சமவெளியில் பாதி, மலையில் பாதி. அறுபது சதவீதம்தான் வந்தது என்றால் அறுபது என்றே எழுதுங்கள். அந்தக் கட்டுரைக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோர் கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதில் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதை நெருங்கியும் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. எந்த வயதிலானாலும் வந்த பேச்சு நின்றுவிட்டது. இவற்றில் எது இருந்தாலும் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் கடிதம் கேளுங்கள். பெரா டெஸ்டில் காது சரியாக இருக்கிறது என்று வந்தால் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். காது கேட்கிற குழந்தை ஏன் பேசவில்லை என்று அங்கேயே அடுத்த கேள்வியைக் கேளுங்கள். எந்த முடிவும் வருவதற்கு முன்பே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். ஆட்டிசம் இல்லை என்று பிறகு தெரிந்தாலும் அந்தப் பயிற்சியால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை.